சொன்ன நிலை

திருவள்ளூர்
11 ஜூலை 2024

ஏஞ்சல்,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைப் போடும் உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். ஆபீசில் யேசுதாஸ் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கடைசியில் உன் வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய கூரியர் உறையில் உங்கள் கும்மிடிப்பூண்டி முகவரி கிடைத்தது. கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. தப்பாக எதையாவது எழுதினால் மன்னித்துவிடு. உன் பெட்டியும் ஜெபமாலையும் நம் அறையில் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்காரம்மா கேட்டார்கள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று நீ என்னைப் பேச விடவில்லை. அதனால் நடந்ததை என் பக்கமிருந்து ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களிடம், உன் அம்மாவிடமும்தான், டிரஸ்ட்காரர்கள் பேட்டி எடுத்தார்கள். வேலை நேரம், இடைவேளை, கழிப்பறை, கம்பெனி பஸ், இவற்றைப் பற்றிக் கேள்விகள். அந்தப் பேச்சையெல்லாம் எழுத்தாக்கி, அலசி, ஓர் அறிக்கையாகத் தரும் வேலை நம் காக்களூர் ஆபீசுக்கு வந்தது. நீ ஆடியோவைக் கேட்டுக்கொண்டே சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பதிலையும் ‘குறை’, ‘கோரிக்கை’, ‘திருப்தி’ என்று குறித்தாய். அதோடு நிற்காமல் நீயாகவே ஓர் அட்ரிபியூட்டையும், ஒவ்வொரு பதிலோடும் சேர்ந்து வரும் ஒரு கூடுதல் விவரத்தை, சேர்த்தாய். ‘சொன்னநிலை’ என்று அதற்குப் பெயர் வைத்தாய். இயல்பாகச் சொன்னார்களா, தயங்கிச் சொன்னார்களா, பயந்து சொன்னார்களா என்று ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் போட்டாய். வாயில் வருவது ஒன்று, மனதில் இருப்பது ஒன்று, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நீ குறித்ததையெல்லாம் படித்து அட்டவணை போடும் ஸ்கிரிப்ட், அந்தச் சின்னப் புரோகிராம், என்னுடையது. சாஃப்ட்வேரில் ஏற்கெனவே இருக்கும் விவரங்களை அது ஒழுங்காக எடுத்தது. நீ சேர்த்ததை மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை, ஏதோ கோளாறு. அதனால்தான் கழிப்பறை, இடைவேளை விஷயத்தில் பெரும்பாலானோருக்குத் திருப்தி என்று அறிக்கை போய்விட்டது.

ராஜமாணிக்கம் சார் மேசையில் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு என் சீட்டுக்கு வந்து நின்றாய். “இன்னா பூமி இது? எங்க அம்மா இயல்பா சொன்னாங்களா? அந்த ஆடியோவ நீ கேட்டியா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினாய். எனக்கு முகம் எரிந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். “உங்க அம்மா பேட்டிய நீயே குறிச்சதுதான் தப்பு. சொந்தக்காரங்கன்னா எல்லாமே பயந்து பேசுற மாதிரிதான் கேக்கும்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

கோளாறு சாஃப்ட்வேரில் இருக்கலாம். கண்டுபிடித்துவிடுவேன். நீ திரும்பி வா.

பூமிகா

*

கும்மிடிப்பூண்டி
17 ஜூலை 2024

பூமி,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடி மறுபடி ‘கோளாறு’ என்று எழுதியிருக்கிறாய். மழை, வெயில் மாதிரி அது தானாக வந்தது என்பதுபோல.

இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவோடு வேலை செய்கிற பெண்கள் ரொம்ப நாளாக ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லைனில் நிற்கிறவள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். ரிலீவர் என்று சொல்வார்கள். இப்போது அப்படி யாரும் கிடையாது. கையைத் தூக்கி சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். அவர் பார்க்க வேண்டும், ஆள் கிடைக்க வேண்டும். டிரஸ்டிலிருந்து ஜோசப் அண்ணன் வந்து பேட்டி எடுத்தது இதற்காகத்தான். அறிக்கை கைக்கு வந்தால் கம்பெனி மறுக்க முடியாது என்றார்.

அறிக்கை வந்தது. கம்பெனியில் மீட்டிங் போட்டு ஆபீசர் ஒருத்தர் அதை வாசித்தாராம். “உங்கள்ல முக்கால்வாசிப் பேரு வசதியா இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு ரிலீவர்?” யாரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அவர்கள் சொன்னதுதானே.

அன்றைக்குக் கம்பெனி பஸ்சில் கங்கம்மா அக்கா அம்மாவைப் பார்த்து, “ஆரோக்கியமேரி, உம் பொண்ணு வேல செய்ற எடத்துலதான இத எழுதிக்கிறாங்க? நீ இன்னா சொல்லி வெச்ச?” என்று கேட்டாளாம். கங்கம்மா அக்காவும் அம்மாவும் ஒரே லைன். பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பஸ்சே திரும்பிப் பார்த்ததாம். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. கடையில் பார்த்தபோது கங்கம்மா அக்காவே சொன்னாள்.

அம்மா என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “வேலய உட்டுட்டு வந்து ஏன் ஊட்ல ஒக்காந்துகினுகீற?” ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் அம்மா யாரிடமும் நின்று பேசாமல் வேகமாக வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நான் பின்னாலேயே வருகிறேன். எங்கள் தெருவில் படித்த பெண் என்று பேர் எடுத்தவள் நான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன்.

‘சொந்தக்காரங்கன்னா அப்படித்தான் கேக்கும்’ என்று சொன்னாயே. இருக்கட்டும். மற்றப் பெண்கள் எனக்குச் சொந்தமா? அவர்களுக்குப் போட்டதும் உன் அட்டவணையில் இல்லையே.

ஒரே கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுது, வேறெதுவும் வேண்டாம். அறிக்கை போகும் முன் அந்த இடம் காலியாக இருந்ததை நீ பார்த்தாயா, இல்லையா?

ஏஞ்சல்

*

திருவள்ளூர்
22 ஜூலை 2024

ஏஞ்சல்,

பார்த்தேன்.

அட்டவணையில் ‘சொன்னநிலை’ என்ற பத்தி மேலிருந்து கீழ்வரை காலியாக இருந்தது. நீ அப்போது தியானக் கூட்டத்துக்குப் போயிருந்தாய். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் அறிக்கை போயாக வேண்டும் என்று சார் தலைமேல் நின்றார். நீ இன்னும் குறித்து முடிக்கவில்லை போலிருக்கிறது, விசேஷமாக ஏதாவது இருந்தால்தானே போட்டிருப்பாய் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலியாக இருந்தால் ‘இயல்பாக’ என்று நிரப்பு என ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். ஒரே வரி. அதை எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதல் கடிதத்தில் இதை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். சொன்னால் சிரிப்பாய், அல்லது அழுவாய். சாஃப்ட்வேரில் ஏற்கெனவே இருக்கும் விவரங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரியும். நாமாகச் சேர்க்கும் அட்ரிபியூட்டை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பெயர் ஒரு புள்ளி மாறினாலும் அது தவறு என்று சொல்லாது. ‘அப்படி எதுவும் இல்லை’ என்று காலியாகத் திருப்பிவிடும். நான் ‘சொன்னநிலை’ என்றுதான் கேட்டேன். நீ வைத்ததும் ‘சொன்னநிலை’தான். திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் இரண்டும் வேறு வேறு என்றது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

விஷயம் அந்த ‘சொ’வில் இருந்தது. முன்னால் கொம்பும் பின்னால் காலும் போடுகிறோமே, அதைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைப்பது ஒன்று. கொம்பு தனி, கால் தனியாக வைப்பது இன்னொன்று. ஆபீஸ் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறது. உன் லேப்டாப்பில் இருக்கிற பழைய கீபோர்டு பிரித்து வைக்கிறது. கண்ணுக்கு ஒரே எழுத்து, ஸ்கிரிப்டுக்கு வேறு எழுத்து. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுக் கேட்டேன். பத்தி முழுவதும் நிரம்பிவிட்டது. நீ ஒன்றைக்கூட விட்டிருக்கவில்லை ஏஞ்சல். எல்லாப் பதிலுக்கும் போட்டிருந்தாய்.

கழிப்பறை பற்றித் ‘திருப்தி’ என்று வந்த பதில்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் ‘தயங்கி’, ‘பயந்து’ என்று இருந்தன. இயல்பாகச் சொன்னவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

உடனே சாரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “போன ரிப்போர்ட்ட திருப்பி எடுத்தா நம்ம பேரு இன்னாகும் பூமிகா? அடுத்த வேலைல ஜாக்கிரதையா இரு” என்றார். நான் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு என் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வேலையைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

போன வாரம் பள்ளிப்பட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். நைனா நாற்று விடுகிற மும்முரத்தில் இருந்தார். “இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?” என்று கேட்டார். வேலையில் தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். “தப்பு பண்ணா சரி பண்ணிட்டு வா, அதுக்கு ஏன் ஊட்டுக்கு ஓடியாந்த?” என்று சொல்லிவிட்டு வரப்பில் போய்விட்டார். அவருக்கு அது அவ்வளவு சுலபம்.

சரியான அட்டவணை என்னிடம் இருக்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

பூமிகா

*

கும்மிடிப்பூண்டி
27 ஜூலை 2024

பூமி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு என் லேப்டாப்பில் ‘சொ’ என்று அடித்து அடித்துப் பார்த்தேன். எழுத்தை அழிக்கும் பட்டனை ஒருமுறை அழுத்தினால் கால் மட்டும் அழிகிறது, கொம்பு நிற்கிறது. நீ சொன்னது சரி.

காலேஜில் ஒரு சீனியர் போட்டுக்கொடுத்த கீபோர்டு அது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்படியென்றால் பெயர் மாறியது என் பக்கத்தில். நான் ஆபீசே வேடிக்கை பார்க்க உன்னைத் திட்டினேன். யேசுதாஸ் எழுந்து வெளியே போய்விட்டான், நினைவிருக்கிறதா? நீ வாயைத் திறக்கப் பார்த்தாய், நான் விடவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அதற்கு மன்னித்துவிடு.

அந்த ஒரு வரிக்கு மன்னிக்க என்னால் முடியவில்லை. காலி என்றால் காலி. பதில் சொல்லாமல் ஒருத்தி நின்றால் அவளுக்குச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் வழக்கம். அதை நீ செய்தாய் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா ஆடியோவை நான் எத்தனையோ முறை கேட்டேன். கழிப்பறை பற்றி ஜோசப் அண்ணன் கேட்டதும் அம்மா பேசுவதை நிறுத்திவிடுகிறாள். பின்னால் மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, “எல்லாம் வசதியா கீது சார், ஒண்ணும் கொற இல்ல” என்கிறாள். நான் ‘பயந்து’ என்று போட்டேன். ஆனால் அது என் ஊகம்தான். அம்மாவிடம் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, இங்கே வந்து இத்தனை நாளாகியும் கேட்கவில்லை. தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக்கொடுக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். கேட்க வாய் வரவில்லை. யாருக்கு அம்மா பயந்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கே பயமாக இருக்கிறதோ என்னவோ.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். வருகிற நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோயில் பக்கத்துப் பள்ளிக்கூட அறையில் பெண்கள் கூடுகிறார்கள். ஜோசப் அண்ணனும் வருகிறார். நீ வந்து இதையெல்லாம் அவர்களிடம் சொல். கடிதத்தில் எனக்குச் சொன்ன மாதிரியே சொல். திட்டுவார்கள். நான் உனக்காகப் பேச மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவும் அங்கே இருப்பாள்.

வராவிட்டால் இனி எழுதாதே.

ஏஞ்சல்

*

திருவள்ளூர்
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஏஞ்சல்,

இந்த முறை அடிக்காமல் எழுதுகிறேன்.

நேற்று உன் முன்னால்தான் எல்லாம் நடந்தது. ஆனாலும் நீ கதவோரம் நின்றிருந்தாய். நான் நின்ற இடத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போதே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். அறையில் அத்தனை பேரையும் பார்த்ததும் அதை எடுக்கவே இல்லை. ஆடியோவில் குரலாக மட்டும் இருந்தவர்கள், எழுத்தில் ‘பேட்டி ஏழு, பேட்டி பன்னிரண்டு’ என்று இருந்தவர்கள், குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் தயங்கிச் சொன்னதை, பயந்து சொன்னதை, நான் இயல்பாகச் சொன்னீர்கள் என்று மாற்றிவிட்டேன் என்றேன். தெரியாமல் காலியாக வந்தது, தெரிந்தே நிரப்பினேன் என்றேன். கங்கம்மா அக்கா எழுந்து, “அப்போ நாங்க வாய மூடினு இருந்தா எங்களுக்கு எல்லாம் சரியாகீதுன்னு எழுதிப்பியா? நீயும் பொம்பளதான?” என்று கேட்டபோது, எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. ‘நீயும் பொம்பளதான’ என்பது இன்னும் காதில் இருக்கிறது. நம் ஆபீசில் பாத்ரூம் என் சீட்டிலிருந்து பத்தடி. யாரையும் கேட்க வேண்டாம். அதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

சரியான அட்டவணையை ஜோசப் அண்ணனிடம் என் பெயர் போட்டுக் கொடுத்ததை நீ பார்த்தாய். இன்று காலை சாரிடமும் சொல்லிவிட்டேன். “நல்லா பேஜாரு பண்ணிட்ட” என்றார். வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. நான் என் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். இதை நீ தனியாக இருக்கும்போது படி.

கூட்டம் முடிந்து நீ பெஞ்சுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா என்னை ஸ்டேஷன்வரை விட வந்தார்கள். பாதி வழியில், “பூமி, நான் பயந்துகினு சொன்னேன்னு எம் பொண்ணு போட்டுக்கிறாளாமே?” என்று கேட்டார்கள். ஆமாம் ஆன்ட்டி என்றேன்.

“யாருக்குப் பயம்? அந்த சூப்பர்வைசருக்கா? அவன் எந் தம்பி வயசு. அவனுக்கு நான் ஏன் பயப்படணும்? பயம் இல்லம்மா. வெக்கம்.”

ஸ்டேஷன் வாசலில் ஆள் நடமாட்டம். ஓரமாகச் சுவர்ப்பக்கம் என்னை இழுத்து நிறுத்திக்கொண்டு சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“போன மழையப்போ ஒரு நாளு லைன்ல ஆளு கொறவு. கையத் தூக்கினேன். அவன் பாத்துட்டு அந்தாண்ட போய்ட்டான். திரும்பத் தூக்கினேன். ஒரு பொண்ணு வரேன்னா, வரல. உட்டுட்டு ஓடினா பீசெல்லாம் சேர்ந்துபோயி பக்கத்துல இருக்கிறவ தலமேல உழும். இரு இருன்னு நின்னுகினே இருந்தேன். அப்புறம் நின்ன எடத்துலயே ஆய்ட்ச்சி. கம்பெனி கோட்டு போட்டுகினு இருந்ததால யாருக்கும் தெரியல. கங்கம்மா ஒருத்திதான் பாத்தா. பாத்ததும் அவ கைல இருந்த தண்ணி பாட்டில என் கால்ல கொட்டி, ‘அய்யய்யோ, கொட்டிட்டேன் மேரி’ன்னு எல்லாருக்கும் கேக்கறமாரி கத்தினா. இன்னிவரைக்கும் அதப்பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசல.”

கங்கம்மா அக்கா பஸ்சில் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன் அம்மாவுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

பிறகு சொன்னார்கள். “அந்த சார் மைக்க வெச்சிகினு பாத்ரூமு வசதி எப்டின்னு கேட்டாரா, எனக்கு சொல்லணும்னுதான் இருந்துச்சி. ஆனா எம் பொண்ணுதான் இத காதுல மாட்டிகினு கேப்பான்னு தெரியும். படிச்ச பொண்ணு. அவ காதுல இதக் கேக்கணுமா? எங்கம்மா இப்டி நின்னான்னு அவ நெனக்கணுமா? அதான் எல்லாம் வசதியா கீதுன்னு சொல்ட்டேன். அந்த பொய் அவளுக்காக சொன்னது. அது இப்டி வந்து எல்லாரு மேலயும் உழும்னு எனக்குத் தெரியாது.”

நான் அழுதுவிட்டேன். அவர்கள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத்தான் துடைத்துவிட்டார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் லெட்டரு எழுதிக்கிறீங்களாமே. நீ எழுது அவளுக்கு. நான் மூஞ்சியப் பாத்து சொல்ல மாட்டேன். அவளும் என்னியப் பாத்து கேக்க வேணாம்னு எழுது.”

எழுதிவிட்டேன்.

நீ அட்ரிபியூட் சேர்க்கும்போது மூன்று நிலை போதும் என்று சொன்னவள் நான். இயல்பாக, தயங்கி, பயந்து. ‘வெட்கப்பட்டு’ என்று ஒன்று வேண்டும் என்று நமக்கு, இரண்டு பெண்களுக்கு, தோன்றவில்லை. உன் அம்மாவின் அந்தப் பதிலுக்கு நேரே நான் ‘இயல்பாக’ என்று போட்டேன். நீ ‘பயந்து’ என்று போட்டாய். உனக்கு அதில் என்ன தோன்றுகிறது என்று தெரியவில்லை. எனக்கு அந்தச் சாஃப்ட்வேரைத் திறக்கவே கை கூசுகிறது.

பூமி

*

கும்மிடிப்பூண்டி
19 ஆகஸ்ட் 2024

பூமி,

உன் கடிதம் வந்த அன்று அம்மா காலை ஷிப்ட். வீட்டில் தனியாக இருந்துதான் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைக் கழுவினேன்.

அம்மா வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “பூமி எழுதிச்சா?” என்றாள். எழுதிச்சு என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் சில நாள் வீட்டில் எங்கள் இருவருக்கும் இடையில் யாரோ படுத்திருப்பதுபோல் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம்.

அம்மா அப்படி நின்றதில் எனக்கு வெட்கமில்லை, பூமி. என் காதுக்குப் பயந்து பொய் சொல்ல வேண்டியிருந்ததே, அதில்தான் எனக்கு வெட்கம். படித்த பெண் என்ற பேரை நான் எங்கேயோ சம்பாதித்துக்கொண்டு வந்து அவள் வாயில் பூட்டாகப் போட்டிருக்கிறேன். இதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் எழுதுகிறேன்.

கம்பெனியில் உன் புது அட்டவணையைப் பார்த்துவிட்டு, முதலில் ஒன்று சொல்கிறீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்கள், எதை நம்புவது என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். பெண்கள் மறுபடி தங்கள் வாயால் சொல்லட்டும், அதைப் புதிதாகப் பதிவு செய்யலாம் என்றார் ஜோசப் அண்ணன். நேற்று அதே பள்ளிக்கூட அறையில் கூடினோம். ஒவ்வொருத்தராகத் தனியே போய்ப் பேசுவது என்று ஏற்பாடு. முதலில் போன பெண் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது பெண்ணும் அப்படியே. வசதியா கீது, பரவால்ல, சமாளிச்சிக்கிறோம். பழைய பதில்களேதான்.

அம்மா எழுந்தாள். “தனியா வேணாம் சார். எல்லாரும் உள்ள வரட்டும். இருக்கிறது நம்ம பொம்பளைங்கதான. நீங்க மட்டும் மெஷின ஆன் பண்ணிட்டு வெளிய இருங்க” என்றாள். ஜோசப் அண்ணன் சரி என்று ரெக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக, கண்ணுக்குக் கண்.

“நீயும் போ ஏஞ்சலு.”

நான் போனேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அம்மா குரல் வந்தது. சொற்கள் கேட்டுவிடக் கூடாது என்று சாலைப்பக்கம் நகர்ந்து போனேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, அதனால் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லாரி போனதற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவில் மட்டும் ஓர் அமைதி வந்தது. அப்போது உள்ளிருந்து வேறொரு பெண்ணின் குரல். யாரென்று தெரியவில்லை. “எனக்கும் ஆயிகீதுக்கா” என்றது. இன்னொருத்தி, “எனக்குந்தான்.” இன்னொருத்தி. யாரோ அழுதார்கள். கங்கம்மா அக்கா யாரையோ செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் தள்ளிப் போனேன்.

வெளியே வந்தபோது எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. அம்மாவும் கங்கம்மா அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா மீன் வாங்கினாள். பேரம் பேசும்போது குரல் பழையபடி ஓங்கி வந்தது.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ரிலீவர் போடுவதாகக் கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களாம். எழுதி ஒன்றும் தரவில்லை. தந்தால்தான் நம்ப முடியும்.

அம்மா வேலைக்குப் போகச் சொல்கிறாள். அடுத்த வாரம் திருவள்ளூர் வருகிறேன். ராஜமாணிக்கம் சார் சேர்த்துக்கொள்வாரா தெரியாது. இல்லாவிட்டால் அந்த அறையிலிருந்துகொண்டு வேறு வேலை தேடலாம். உன்மேல் இருந்த கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்து சண்டை போட்டுத் தீர்க்கலாம்.

ஒரே ஒரு வேலை உனக்கு இருக்கிறது. நேற்றைய பதிவை ஜோசப் அண்ணன் இந்த வாரம் ஆபீசுக்கு அனுப்புவார். அதைக் கேட்டுக் குறிக்க வேண்டியது நீதான். நிலைகளை என்னென்ன வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு வை. ஓரிடம் காலியாக இருந்தால் காலியாகவே விடு.

அந்தக் கோப்பை நான் திறக்க மாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஏஞ்சல்